மதுரம் நிலைத்தது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தக்கலை பக்கமிருந்து எழுதுகிறேன். என் மகள் நாகர்கோவிலில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கல்லூரி நாடகத்தில் நடித்ததைப் பார்த்துவிட்டு யாரோ குறும்படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் சினிமாவில் நடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நல்ல உயரம், நிறம் மட்டும் கொஞ்சம் மாநிறம். நடிகை வாழ்க்கை ஐந்தாறு வருடம்தானே, அப்புறம் என்ன செய்வாள்? கேரளத்துப் பெண்களுக்கும் மும்பைப் பெண்களுக்கும்தானே வாய்ப்பு கொடுக்கிறார்கள்? கதாநாயகி ஆகாவிட்டால் காமெடியில் தள்ளிவிடுவார்களே என்றும் பயமாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இருந்தார், பெண்கள் யாரும் அப்படி வரவில்லை. மதுரம் அம்மாகூட கலைவாணரின் மனைவி என்பதால்தானே நிலைத்தார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாகவே நான் பழைய படங்களை, அதிலும் மதுரம் வரும் காட்சிகளை மட்டும் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கடைசி வரியைப் படித்ததும் சுருக்கென்றது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்த வரி உங்கள் மகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்துப் பெண்கள் என்று பிரித்துப் பேசுகிறீர்கள். 1956 நவம்பர் 1ல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாமே திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றைக்கும் பராமரிப்பது கேரள அரசு. தக்கலையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சைப் பேசாதீர்கள். ஐந்தாறு வருடக் கணக்கு கதாநாயகிக்குப் பொருந்தலாம். நடிகைக்குப் பொருந்தாது. அதைத்தான் சொல்லவருகிறேன்.

'காமெடியில் தள்ளிவிடுவார்கள்' என்கிறீர்கள். 'மனைவி என்பதால் நிலைத்தார்' என்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சிரிக்கவைப்பதை நீங்கள் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. அதைச் செய்வது பெண் என்றால் இன்னும் மட்டம்.

டி.ஏ.மதுரம் திருச்சிப் பக்கத்துக்காரர். 1935ல் 'ரத்னாவளி' படத்தில் நடித்தபோது அவர் யாருடைய மனைவியாகவும் சினிமாவுக்கு வரவில்லை. கிருஷ்ணனோடு சேர்ந்தது 1936ல் 'வசந்தசேனா' சமயத்தில்தான். அந்தக் காலத்தில் நாடகத்துக்கோ சினிமாவுக்கோ நடிக்க வந்த பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இன்றைக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் அதைத்தானே பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் வில்லுப்பாட்டுக் குழுவில் பக்கப்பாட்டுக்காரர். அம்மன் கோயில் கொடைக்குக் குழுவோடு போவார், எங்களையும் கூட்டிப்போவார். நடுவில் புலவர் கையில் வீசுகோலோடு இருப்பார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும், பக்கத்தில் ஒருவர் குடம் அடிப்பார். பெரியப்பா ஓரத்தில் ஜால்ராவோடு உட்கார்ந்திருப்பார். புலவர் ஒரு வரி சொன்னதும் 'ஆமா' என்பார். ராத்திரி முழுக்க அவருக்கு அதுதான் வேலை என்று சின்னப் பிள்ளையாக இருந்தபோது நினைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு 'ஆமா'வும் வேறு. 'ஆமா?' என்று இழுத்தால், நீ சொல்வது பொய்யல்லவா என்று கேட்பதுபோல இருக்கும், புலவருக்கு வேகம் வந்துவிடும். துக்கமான இடத்தில் தொண்டைக்குள்ளேயே சொல்வார், பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். ஒரு வருடம் அவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறொருவரை உட்காரவைத்தார்கள். நல்ல குரல்தான் அவருக்கு. ஆனால் ஒவ்வொரு 'ஆமா'வும் அரை நொடி தாமதமாக விழுந்தது. சாமம் ஆகும் முன்பே ஆட்கள் எழுந்து சுக்குக்காப்பிக் கடைப் பக்கம் போய்விட்டார்கள். மறுநாள் புலவர் வீட்டுக்கே வந்து பெரியப்பாவிடம் சொன்னார்: "நீரு இல்லாம எனக்குக் கதை ஓடல்ல வோய்."

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் கிருஷ்ணனும் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். பக்கத்தில் இருப்பவர் சரியில்லை என்றால் நடுவில் இருப்பவர் கதி என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆயிரம் பேரில் அவர் மதுரத்தைக் கண்டுகொண்டார் என்றால், அது அந்தக் காது செய்த வேலை.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். அவர்கள் சேர்ந்து வரும் ஏதாவது ஒரு காட்சியைப் போடுங்கள். 'ஹரிதாஸ்' ஆனாலும் சரி, 'சந்திரலேகா' ஆனாலும் சரி. கலைவாணரைப் பார்க்காதீர்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மதுரத்தின் முகத்தை மட்டும் பாருங்கள். ஒத்திகையில் பல தடவை கேட்ட பேச்சைத்தான் கேட்கிறார். ஆனால் இந்த நிமிடம்தான் முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி கேட்கிறார். அவரை அளக்கவிடுகிறார், நம்புவதுபோல நிற்கிறார், அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. அத்தனை அளப்பும் அதில் சரிந்துவிடும். சிரிப்பு வருவது அந்தக் கேள்விக்குத்தான், அவர் பேச்சுக்கு இல்லை. பாட்டென்றாலும் அப்படியே. இரண்டு பேரும் சொந்தக் குரலில் பாடியவர்கள். பாட்டுக்கு நடுவே பேச்சு, பேச்சிலிருந்து பாட்டு என்று மாறும் இடங்களில் மதுரம் ஒரு இடத்திலும் தாளம் பிசகுவதில்லை. என் ஆச்சிக்கு அவையெல்லாம் 'மதுரம் படம்'தான். கிருஷ்ணன் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்தது நீங்கள் யோசிக்கவே யோசிக்காத விஷயம். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அதன் கதாநாயகன் தியாகராஜ பாகவதரையும் கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947ல்தான் விடுதலை. நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் சிறை. அந்தக் காலம் முழுக்க கிருஷ்ணனின் நாடகக் குழு என்ன ஆயிற்று என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தீர்களா? நாடகக் குழு என்றால் நடிகர்கள் மட்டுமா? சமையல்காரர், சீன் இழுப்பவர், வாத்தியக்காரர், அவர்கள் வீட்டில் மணியார்டரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். கொட்டகை வாடகை, சீன் படுதாக்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கும் செலவு. இத்தனைக்கும் மேலே வக்கீல் செலவு. கொலைக் குற்றவாளி என்று கோர்ட் சொல்லிவிட்ட மனிதரின் மனைவி அவர். அந்தப் பெண் ராத்திரி மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைக்க வேண்டும்.

மதுரம் அதைச் செய்தார். நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமம் கூட நின்று குழுவை நடத்தினார், அவரையும் மறக்கக்கூடாது. அவர்கள் நடத்திய 'பைத்தியக்காரன்' நாடகமே என்.எஸ்.கே. பிலிம்ஸ் சார்பில் படமானது. கிருஷ்ணன் வெளியே வந்த பிறகு அவருக்கென்று காட்சிகள் சேர்த்து 1947ல் அதை வெளியிட்டார்கள். சிறையிலிருந்து வந்த மனிதருக்கு ஏறி நிற்க ஒரு மேடை மிச்சமிருந்தது என்றால், அதை யார் காப்பாற்றி வைத்தது? மனைவி என்பதால் நிலைத்தாரா, அவர் நின்றதால் கணவர் நிலைத்தாரா? இனிமேல் யாராவது அந்த வரியைச் சொன்னால் இந்த இரண்டு வருடக் கணக்கை அவர்களிடம் கேளுங்கள். நீங்களும் சொல்லாதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

சென்னையில் கலைவாணர் பெயரில் அரசு அரங்கம் இருக்கிறது. நாகர்கோவிலில் அவருக்குச் சிலை இருக்கிறது. இருக்கவேண்டியதுதான். ஒழுகினசேரியில் அவர் கட்டிய வீட்டுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'மதுர பவனம்'. அவருக்குத் தெரிந்தது அவர் ஊர்க்காரர்களான நமக்குத் தெரியவில்லை.

'காமெடியில் தள்ளுவது' பற்றி இன்னும் கொஞ்சம். 1941ல் வந்த 'சபாபதி'யில் காளி என்.ரத்தினத்தோடு சி.டி.ராஜகாந்தம் செய்வதைப் பாருங்கள். 'கல்யாணப் பரிசு' படத்தில் தங்கவேலு அளக்கும்போது எம்.சரோஜா எப்படி ஈடுகொடுக்கிறார் என்று பாருங்கள். மனோரமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1958ல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்தில் வந்தார். 1963ல் 'கொஞ்சும் குமரி' படத்தில் கதாநாயகியாகவே நடித்தார். அந்தப் படத்தை உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக வந்தாரே, அதைத் தெரியாதவர் யார்? அவரோடு கதாநாயகிகளாக வந்தவர்கள் அம்மாவாகி, பாட்டியாகி, வீட்டோடு போன பிறகும் அவர் நடித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் படங்களுக்கு மேல். நீங்கள் 'தள்ளிவிடுவார்கள்' என்று சொல்லும் இடம் அதுதான். அங்கே போய் நிற்கத் தைரியமும் காதும் வேண்டும். உயரமும் நிறமும் இருந்தால் போதாது.

உங்கள் மகள் விஷயம். டிகிரியை முடிக்கட்டும், அதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. குறும்படக்காரர்கள் பணம் கேட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கேட்காவிட்டால் கதையை எழுத்தில் வாங்கிப் படியுங்கள், படப்பிடிப்பின் முதல் நாளில் நீங்களும் கூடப் போங்கள். சென்னைக்குப் போவது அப்புறம். அதற்கு முன் மேடை நாடகம் போடுகிறவர்களோடு கொஞ்ச காலம் இருக்கட்டும், ஆள் குறைவாக வந்த நாளிலும் நடித்துப் பார்க்கட்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் பேசவேண்டுமென்றால் நானே வருகிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உயரம் எழுதியிருக்கிறீர்கள், நிறம் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி நாடகத்தில் உங்கள் பிள்ளை என்ன வேடம் போட்டாள், நன்றாக நடித்தாளா, சபை சிரித்ததா, அழுததா, ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா இல்லையா? அதை எழுதுங்கள்.