கையை ஊன்றித்தான் எழ முடிகிறது, பவுடர் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 60 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் கோயிலில் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறேன். ‘செல்லைப் புதுப்பித்து வயதைக் குறைக்கும்’ என்று நாத்தனார் மகன் ஒரு பவுடர் தருகிறான். மாதம் 6,500 ரூபாய். தொடரலாமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: நிறுத்திவிடுங்கள் அம்மா. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பழியை என் மேல் போடுங்கள்.

கையை ஊன்றி எழுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் தொடைச் சதை வற்றிவிட்டது என்று பொருள். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதை நெருங்கினால் வேகம் கூடும். நடை இதயத்துக்கு நல்லது, விடவேண்டாம். ஆனால் சமதரையில் எவ்வளவு நடந்தாலும் தொடைக்குப் பெரிய வலு வராது.

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை பலவீனம்தான். அந்தச் சோதனையே வைத்தியமும். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்தாக இரண்டு சுற்று. கஷ்டமாக இருந்தால் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். எளிதாகிவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

அப்புறம் சாப்பாடு. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு தோசை என்றால் சதைக்கு என்ன மிஞ்சும்? உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஊறவைக்காத கணக்கில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. முட்டை 7 ரூபாய் விற்றாலும் 6,500 ரூபாய்க்கு 900 முட்டைக்கு மேல் வாங்கலாம்!

அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அகால முதுமையைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை ஜே. ஆனால் இந்தப் பவுடர்கள் உணவு என்ற பெயரில் உரிமம் வாங்குகின்றன. டப்பாவில் எழுத முடியாததை வாயால் சொல்லி விற்கிறார்கள். வாய்க்கு எந்த அதிகாரி சீல் வைப்பார்? உங்களைச் சேர்த்ததில் அந்தப் பையனுக்கு கமிஷன் உண்டு. அடுத்த மாதம் நீங்களும் இரண்டு பேரைப் பிடிக்க வேண்டியிருக்கும். இதற்கு அடுத்த படி குளுட்டாதயோன் ட்ரிப்ஸ், அதாவது இளமை தரும் என்று சொல்லி ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து. ‘இளமை பேக்கேஜ்’ என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இவர்களுக்குக் கடை விரித்துக் கொடுத்தது எங்கள் ஆட்கள்தான், டாக்டர்கள்தான். புறநோயாளி வரிசையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். “வயசானா அப்படித்தான்” என்று ஒரு பட்டை கால்சியம் மாத்திரை. நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்ல நேரமில்லை.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதானவர்கள் நான் சொன்ன புரதக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. உங்களுக்குத் தொல்லை இல்லை என்றாலும், புரதத்தைக் கூட்டும் முன் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டும் பார்த்துவிடுங்கள்; சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனைகள் இவை. அரசு மருத்துவமனையிலேயே செய்யலாம். இதிலும் ஒரு தலைகீழ்க் குழப்பம் உண்டு. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியதுமே பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி, எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ புரதம் கூடுதலாகவே வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள்; அறிக்கையை எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள், எத்தனை கிராம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.