பலகை வீட்டுக்கு முன்னால் பலகைத் தளமா, சிமெண்டு அஞ்சடியா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் அருகே, தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் என் தந்தை வாங்கிய பலகை வீட்டில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். சிமெண்டுக் கால்களின் மேல் மூன்றடி உயரத்தில் நிற்கும் வீடு, தகரக் கூரை. மாலையில் பேரப்பிள்ளைகளோடு வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும். ஈப்போவில் ஒரு கண்காட்சியில், வீட்டுத் தளத்தின் உயரத்துக்கே இருபதடிக்குப் பன்னிரண்டடியில், மரத்தூளும் நெகிழியும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகைத் தளமும், மேலே இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த பந்தலும் அமைக்க 18,000 ரிங்கிட் ஆகும் என்றார்கள். பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்பொழுது கொடுக்க வேண்டாம். விலையைவிட, அந்த அமைப்பு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்பதே என் கவலை.

கால்களின் மேல் நிற்கும் வீடு, அடியில் காற்று ஓடுவதால்தான் இத்தனை ஆண்டுகள் உளுக்காமல் நிற்கிறது. கறையான் மண்ணிலிருந்து பலகைக்கு ஏற வேண்டுமானால் அந்தக் கால்களின் மேல் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். கால்கள் வெளியே தெரியும்வரை, வாசல் பெருக்கும்போதே அந்தச் செம்மண் கோடு கண்ணில் பட்டுவிடும். முன்பக்கம் முழுவதும் தளம் போட்டு, பக்கங்களையும் அழகுக்காக அடைத்துவிட்டால் காற்றும் நிற்கும், கோடும் மறையும். அடியில் பெருக்க முடியாமல் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவும் சேரும். மேலும் அந்தக் கலவைப் பலகை நண்பகல் வெயிலில் நன்றாகச் சூடேறும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதன்று. இடைவெளி விட்ட பந்தல் பேராக்கின் மாலை மழைக்குச் சிறிதும் உதவாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாம் வளர்ந்த அதே அஞ்சடிதான் (வீட்டு முன்புறச் சிமெண்டு நடை), சற்று அகலமாக. தரைமட்டத்தில் பத்தடி அகலச் சிமெண்டுத் தளம். வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரிவு. வீட்டுக் கால்களுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. வீட்டிலிருந்து இறங்கப் படிகள். கோலம் போடவும் இடமிருக்கும். அஞ்சடிக்கு மேல் போடும் கூரையைப் பலகைச் சுவரில் திருகி மாட்ட விடாதீர்கள். ஆணித்துளை வழியே நீர் இறங்கிச் சுவர்ப்பலகை அழுகும். கூரை தன் தூண்களிலேயே நிற்கட்டும், அதன் மேல்விளிம்பு பழைய தாழ்வாரத்தின் கீழே நுழையட்டும்.

தூண் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். சிமெண்டுக்குள் நேரே புதைத்த என் வீட்டுத் தூணின் அடியை ஒருநாள் விரலால் அழுத்தியபோது, ஊறிய ரொட்டியைப் போல் உதிர்ந்தது. ரசீதை எடுத்துப் பார்த்தால் “மரத்தூண் நான்கு” என்றுதான் எழுதியிருந்தது; என்ன மரம் என்று எழுதி வாங்காததால் வாதாட வழியில்லாமல் போயிற்று. ஆகவே செங்கால் அல்லது பாலாவ் என்று கடின மரத்தின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். தூணின் அடி, தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே இரும்புத் தாங்கியில் நிற்க வேண்டும் என்பதையும் சேருங்கள். ரப்பர் மர மேசை நாற்காலிகள் வீட்டுக்குள் அருமையானவை. வெளியில் நனைந்தால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் விடா.

கூரையோடு கூடிய நீட்டிப்புக்கு 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி உள்ளூராட்சியின் அனுமதி தேவை. உங்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். கட்டித் தரும் குத்தகையாளர் சி.ஐ.டி.பி. எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். பணத்தைத் தளம், தூண், கூரை என்று வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

கடைசித் தவணையை மட்டும், ஒரு கனமழையின்போது அஞ்சடியில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள்.