புஜில் பெட்டியை இறக்குங்கள்: கட்ச் பயணத்துக்கு எங்கே தங்குவது?

கேள்வி: பெரம்பூரிலிருந்து ஐந்து பேர் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகிறோம். நானும் கணவரும், பத்தாவதும் ஆறாவதும் படிக்கும் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், ஐந்து இரவுகள். உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள கூடார நகரில் மூன்று இரவு எடுத்துக்கொள்ளுங்கள், புஜ் சின்ன ஊர், அங்கே ஒன்றும் இல்லை என்கிறார் பயண ஏஜென்ட். அவர் சொல்வது சரியா?

பதில்: நான்கு இரவு புஜ், ஓர் இரவு ஹரப்பா காலத்து இடிபாடுகள் உள்ள தோலாவிரா. கூடார நகரில் மூன்று இரவு உங்களுக்கு வேண்டாம்.

கூடாரத்தைக் குறை சொல்வதற்காக இப்படிச் சொல்லவில்லை. சாப்பாடு, கலை நிகழ்ச்சி, உப்புவெளிக்கு வண்டி என்று எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வெள்ளை ரான் என்று சொல்லும் அந்த உப்புவெளி ஒரு மாலைப் பொழுதில் கண் நிறையப் பார்த்துவிடக்கூடிய இடம். மறுநாள் விடியலையும் சேர்த்துக்கொண்டால் தாராளம். மீதி நேரத்துக்கும் சேர்த்து ஐந்து பேருக்குப் பணம் கட்டுவானேன்? மேலும், அந்த மாதத்தில் இரவு வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்கும். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடும் நமக்கு அது கடுங்குளிர். முழங்கால் வலியோடு இருப்பவரைக் கித்தான் சுவருக்குள் மூன்று இரவு படுக்க வைக்காதீர்கள்.

புஜ் சின்ன ஊர்தான். அதன் வசதி, எல்லாத் திசைக்கும் அங்கிருந்தே சாலை பிரிவது. வடக்கே வெள்ளை ரான் இருக்கும் தோர்டோ சுமார் 80 கி.மீ. தெற்கே மாண்ட்வி கடற்கரை 60 கி.மீ. மேற்கே லக்பத் கோட்டை 130 கி.மீ.க்கு மேல். கைத்தறி நெய்யும் புஜோடி எட்டு கி.மீ.தான். கட்ச், இந்தியாவிலேயே பரப்பளவில் மிகப் பெரிய மாவட்டம். அங்கே ஒவ்வோர் இரவும் இடம் மாற்றினால் விடுமுறை முழுக்கப் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். மருத்துவமனை, மருந்துக்கடை, ஏ.டி.எம். எல்லாம் தட்டுத் தடுமாறாமல் கிடைக்கும் ஊரும் புஜ்தான்.

இனி, பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம். தோர்டோவுக்கு ஒரு நாள், தோலாவிராவுக்கு ஒரு நாள் என்று வடக்குச் சாலையில் இரண்டு தடவை போய்வரத் திட்டம் போடுவார்கள். தேவையே இல்லை. முன்பு தோலாவிராவுக்குக் கிழக்கே ராப்பர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது காவ்டாவிலிருந்து உப்புவெளியைக் குறுக்காகக் கடந்து நேரே போகும் சாலை வந்துவிட்டது. ‘ரோடு டு ஹெவன்’ என்று இணையத்தில் படம் படமாகப் பார்த்திருப்பீர்களே, அதுதான். சுமார் 30 கி.மீ. தூரத்துக்கு இரு பக்கமும் நீரோ உப்போ தவிர வேறொன்றும் கண்ணில் படாது. ஆகவே காலையில் புஜிலிருந்து கிளம்பி, அந்தச் சாலை வழியாகத் தோலாவிரா போய், இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் திரும்பும் வழியில் காலா துங்கர் மலையையும், மாலையில் தோர்டோவையும் முடித்துக்கொண்டு இரவு புஜுக்கு வந்துவிடலாம்.

இதில் சூரியனைக் கணக்கில் வைக்க வேண்டும். கட்ச் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே ஏழரை மணியை ஒட்டித்தான் விடிகிறது, சென்னையைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாமதம். அதனால் மாலையும் நீளும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பகல் நம் ஊரைவிடச் சின்னது. ஐந்து மணிக்குத் தோர்டோவில் இருக்க வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டை இழுத்தடிக்கக் கூடாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து உப்புவெளி வரை நடக்க வேண்டும், அல்லது ஒட்டக வண்டியில் போகலாம். மாமியாருக்கு ஒட்டக வண்டிதான் சரி, ஆனால் ஏறும்போது கைத்தாங்கல் வேண்டும். உப்பு விளிம்பில் சில இடங்களில் மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் கீழே கருஞ்சேறு. பிள்ளைகளுக்குப் பழைய செருப்பைப் போட்டுவிடுங்கள்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ரான் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலாகப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் நிலம். தென்மேற்குப் பருவக்காற்று கடல்நீரைக் கழிமுகங்கள் வழியாக உள்ளே தள்ளுகிறது, மழைநீரும் ஆற்றுநீரும் சேர்ந்துகொள்கின்றன. வடிய வழியில்லாமல் தேங்கும் தண்ணீர், குளிர்காலம் வர வர ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. மழை அதிகம் பெய்த ஆண்டில் டிசம்பரிலும் தண்ணீர் நிற்கும். கிளம்பும் வாரத்தில் விடுதிக்காரரிடம் ‘உப்பு காய்ந்துவிட்டதா’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்றும் பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் கட்டணமும் கூட்டமும் ஏறும்.

தோலாவிராவை ‘இடிந்த சுவர்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் எதை வெட்டினாலும் இதை வெட்டக் கூடாது என்பது என் கட்சி. 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான ஹரப்பா நகரம் இது. மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளில் மழைக்காலத்தில் மட்டுமே தண்ணீர் வரும். அந்த நீரை அணை கட்டித் திருப்பி, நகரைச் சுற்றிப் பெரிய பெரிய தேக்கங்களில் சேமித்திருக்கிறார்கள். கிழக்குத் தேக்கத்தின் படிக்கட்டு உச்சியில் நின்று கீழே பார்க்கும்போது, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வடக்கு வாசலருகே பத்துப் பெரிய சிந்துவெளிக் குறிகள் கொண்ட பலகை ஒன்று கிடைத்தது. மரம் மக்கிப்போய், ஜிப்சத்தில் செய்த குறிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் ஐயமறப் படித்துச் சொல்லவில்லை. அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், பயணத்தில் புது ஆர்வம் வரும். இடிபாடுகளில் நிழல் கிடையாது, மேடு பள்ளம் அதிகம். காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். மாமியார் கோட்டை மேடு வரை ஏறாவிட்டாலும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

போய்ச் சேர்ந்த மறுநாளை ஊரைச் சுற்றியே செலவிடுங்கள். 2001 ஜனவரி 26 காலை வந்த நிலநடுக்கம் இந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. அதன் நினைவாகப் புஜியோ குன்றில் அமைந்த ஸ்மிருதிவனத்துக்குப் பாதி நாள் வேண்டும். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை என்றைக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாள் மாலை, அஜ்ரக் என்ற கட்டை அச்சுத் துணிக்குப் பெயர்போன அஜ்ரக்பூர். இந்த ஊரே அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவானது. தமட்கா கிராமத்தில் நிலத்தடி நீரின் தன்மை மாறி, சாயம் சரியாகப் பிடிக்காமல் போனதால், அச்சடிக்கும் குடும்பங்களில் பல இங்கே வந்து குடியேறின.

பட்டறைக்குள் நம் வீட்டுச் சரக்கே வரவேற்கும். துணியை முதலில் கடுக்காயில் ஊற வைக்கிறார்கள். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். நீலத்துக்கு அவுரி. மரக்கட்டை அச்சைப் பதித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு தட்டு. அச்சும் அச்சும் சேரும் இடத்தில் நூலளவு விலகல் இருக்கும். கையால் அச்சிட்டதற்கு அதுதான் சாட்சி. சென்னைக் கண்காட்சிகளில் அஜ்ரக் என்ற பெயரில் விற்பவற்றில் இயந்திர அச்சும் உண்டு. ஓரங்களெல்லாம் பிசிறில்லாமல் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் விலை கூடத்தான், பேரம் பேசி உயிரை எடுக்காதீர்கள்.

கடைசி நாளுக்கு மாண்ட்வி. ருக்மாவதி ஆற்றங்கரையில் பெரிய மரக்கப்பல்களை இன்னும் கையாலேயே கட்டுகிறார்கள். பன்னுக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்துத் தரும் தபேலியின் சொந்த ஊரும் இதுதான், பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள். லக்பத்தும் நாராயண் சரோவரும் எனக்கு மாண்ட்வியைவிடப் பிடித்தவை. ஆனால் போகவர முழு நாள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, சைவம் எங்கும் கிடைக்கும். பருப்பில் வெல்லம் தட்டும். மோருக்குப் பஞ்சமே இல்லை.

ரான் பகுதிக்கு நுழைவு அனுமதிச் சீட்டு தேவை. சிறு கட்டணம்தான். பிரண்டியாரா சோதனைச் சாவடியிலோ இணையத்திலோ வாங்கலாம். பிள்ளைகளுடையது உட்பட எல்லோருடைய அடையாள அட்டையையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். எல்லைப் பகுதி என்பதால் டிரோன் வேண்டாம்.

சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு விமானம், அங்கிருந்து ரயில் அல்லது கார், இதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. நவஜீவன் எக்ஸ்பிரஸில் போனால் ஒரு நாளுக்கு மேல் வண்டியிலேயே போய்விடும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியது தோலாவிராவில் அறை பிடிப்பது. அங்கே விடுதிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், விடுமுறை வாரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். அறை உறுதியான தேதியை வைத்து மற்றதையெல்லாம் பொருத்துங்கள். புஜில் கார் பேசும்போது நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ.க்குக் கட்டணம், டிரைவர் பேட்டாவும் தோலாவிராவில் அவர் தங்கும் செலவும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.