பழைய பிக்கப், பழைய ஜீப்: எந்த வருஷத்து வண்டி? (கேள்வி பதில்)

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் ஷெட்டிலும் சேலத்துப் பட்டறைகளின் பின்புறத்திலும் பழைய பிக்கப்புகளும் ஜீப்புகளும் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றின் வருஷத்தையும் ஒரிஜினல் பாகங்களையும் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் வண்டியைப் பாருங்கள்.

நாகலூர் வாசகர்: தாத்தா காலத்து செவர்லே பிக்கப் தோட்டத்தில் நிற்கிறது, ஐயா. ஆர்.சி.யில் 1956 என்று இருக்கிறது. முன்பக்கம் ஐந்து குறுக்குப் பட்டை, முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கிறது. 1956 மாடல்தானா?

இல்லை. ஐந்து குறுக்குப் பட்டை கிரில் 1947-ல் வந்து 1953 வரை ஓடியது. 1954-ல் கிரில்லும் மாறியது, முன் கண்ணாடியும் ஒரே வளைந்த கண்ணாடியாக ஆனது. உங்கள் வண்டியில் இரண்டுமே பழைய மாதிரி. செவர்லேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் பாகங்களை இணைத்து வண்டியாக்கி விற்று, 1954-ல் கடையைக் கட்டிவிட்டது. ஆகவே 1956 என்பது உங்கள் தாத்தாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ பதிவு செய்த வருஷமாகத்தான் இருக்கும்.

இனி அந்த ஏழு வருஷத்துக்குள் நெருங்கிப் போகலாம். கதவுக் கண்ணாடியின் முன் ஓரத்தில் தனியாகத் திறக்கும் முக்கோணக் கண்ணாடி இருந்தால் 1951 அல்லது அதற்குப் பின். வெளிக் கைப்பிடியில் அழுத்தும் பொத்தான் இருந்தால் 1952 அல்லது அதற்குப் பின். ஆனால் கதவைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அதனால் கதவு சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. நான் அதிகம் நம்புவது பெட்ரோல் டேங்கை. ஆரம்ப வண்டிகளில் டேங்க் வெளியே, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இருந்தது. 1949-ல் அது கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் வந்துவிட்டது. அப்போது கேபின் தகரத்திலேயே பெட்ரோல் ஊற்றும் துவாரம் வெட்டி வந்தது. அந்தத் துவாரத்தை அடைத்துத் தட்டியிருந்தாலும் உள்பக்கம் விரலை வைத்துத் தடவினால் வெல்டிங் தழும்பு தெரியும். கதவும் கேபினும் ஒரே கதையைச் சொன்னால் சரி. மாறிச் சொன்னால் கேபின் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரே மறுபடி: எஞ்சின் ஓடுகிறது. ஆயில் மீட்டர் 15-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் எஞ்சினை மாற்றச் சொல்கிறார்.

தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் வருஷத்துப் பிக்கப்பில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அதில் கனெக்டிங் ராடுக்கு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பிக்கு) ஆயில் அழுத்தத்தால் மட்டும் போவதில்லை, ராடின் அடியில் இருக்கும் கரண்டி ஆயிலை அள்ளித் தெளிக்கும். அதனால்தான் அந்த மீட்டரே 30 வரைக்கும்தான் போட்டிருக்கும். சூடான எஞ்சினில் 15 காட்டுவது ஆரோக்கியம். இன்றைய வண்டிகளின் கணக்கை வைத்துப் பார்த்து, நல்ல எஞ்சினை இறக்கி டீசல் மாட்டிய வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

செவ்வாப்பேட்டை: பழைய இரும்புக் கடையில் ஒரு வில்லிஸ் பிக்கப் பார்த்தேன் அண்ணா. நம்பர் தகடு எதுவும் இல்லை. வாங்கலாமா?

வில்லிஸ் பிக்கப் 1947-லிருந்து 1965 வரை வந்தது. முகத்தைப் பாருங்கள். கிரில் தட்டையாக, நெட்டுக்குத்துக் கம்பிகள் மட்டும் என்றால் 1950 நடுவுக்கு முன். நடுவில் முன்னே தள்ளி, நெட்டுக் கம்பிகளின் மேல் ஐந்து குறுக்குப் பட்டை என்றால் அதற்குப் பின், 1953 வாக்கு வரை. குறுக்குப் பட்டை மூன்றே என்றால் 1954-லிருந்து. முன் கண்ணாடி ஒரே துண்டு என்றால் 1960 அல்லது அதற்கும் பின்.

அடுத்து போனட்டைத் திறங்கள். நாலு சிலிண்டர் எஞ்சினின் மேல் தட்டையான ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மட்டும் இருந்து, வால்வு எல்லாம் பக்கத்தில் பிளாக்குக்குள் இருந்தால் அது பழைய எல்-ஹெட். மேலே வால்வு கவர் இருந்து, கார்பரேட்டரும் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் 1950-ல் வந்த எஃப்-ஹெட். இரண்டும் 134 கன அங்குலம்தான். தட்டைக் கிரில் வண்டியில் எஃப்-ஹெட் இருந்தால் பதற வேண்டாம், நம் ஊரில் ஜீப் எஞ்சின் எளிதாகக் கிடைத்ததால் மாற்றியிருப்பார்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்புக்குப் பக்கத்தில் அடித்திருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள்.

வாங்குவது பற்றி: ஆர்.சி. கையில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எவ்வளவு அழகான வண்டியானாலும் சரி.

ஏற்காடு, ஒண்டிக்கடை: எங்கள் ஜீப் மிலிட்டரி ஜீப் என்று அப்பா சொல்வார். அது வில்லிஸா, ஃபோர்டா?

மிலிட்டரிதானா என்று முதலில் பார்ப்போம். போர்க்கால ஜீப்பின் கிரில்லில் ஒன்பது திறப்பு. 1945-ல் பொதுமக்களுக்கு வந்த சி.ஜே.-2ஏ முதல் ஏழுதான். போர்க்கால வண்டியில் பின் கதவு கிடையாது, பின் தகரம் ஒரே துண்டு. ஆனால் கிரில்லும் தகரமும் பட்டறையில் செய்யக் கூடியவை என்பதால், குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ் எம்.பி. கவிழ்த்த 'ப' வடிவம் என்றால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்து அடித்தது. அதற்காக, எஃப் போட்ட ஒரு போல்ட்டைக் கண்டதும் ஃபோர்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போல்ட் ஊர் சுற்றும். சட்டம் அங்கேயேதான் இருக்கும்.

ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகளுக்கு, ஏலம் எடுத்தவர் பதிவு செய்த தேதிதான் புத்தகத்தில் இருக்கும். தயாரித்த வருஷம் அதற்குப் பல வருஷம் முன்னால்.

கொண்டலாம்பட்டி: போனட் உயரமான ஜீப். கம்பெனித் தகட்டில் எண் 453-ஜிபி2 என்று ஆரம்பிக்கிறது.

நல்ல தகடு, பத்திரமாக வைத்திருங்கள். 4 என்பது சிலிண்டர், 53 என்பது வருஷம். அது சி.ஜே.-3பி. எஃப்-ஹெட் எஞ்சின் உயரம் என்பதால்தான் போனட்டை உயர்த்தினார்கள். 1955-லிருந்து தகட்டு எண் 57348 என்று ஆரம்பிக்கும், அதில் வருஷம் தெரியாது. மஹிந்திரா இதே உருவத்தை அதற்குப் பிறகும் நெடுங்காலம் செய்ததால், தகடு இல்லாத உயர போனட் ஜீப்பை எல்லாம் 1953 என்று விற்கிறார்கள். ஏமாறாதீர்கள்.

சங்ககிரி: ஃபார்கோ, டாட்ஜ் இரண்டில் எது உசத்தி?

இரண்டும் ஒரே வண்டி, பேட்ஜ்தான் வேறு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி இரண்டையும் பாகங்களை இணைத்து விற்றது. உதிரி பாகம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

சேலம், அம்மாப்பேட்டை: 'விண்டேஜ்' பதிவு வாங்க என்ன ஒரிஜினலாக இருக்க வேண்டும்?

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய்.

கவனிக்க வேண்டியது, அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வியாபாரத்துக்கு ஓட்ட முடியாது. காப்பி மூட்டை ஏற்றிக் குப்பனூர் வழியாக இறங்கும் வண்டிக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. உழைக்கிற வண்டி உழைக்கட்டும்.

இன்னொன்று, பழைய நம்பரை இழக்காதீர்கள். நம் பக்கத்து வண்டியில் 'எம்' எழுத்தில் தொடங்கும் நம்பர் சென்னை ராஜ்ய காலத்துப் பதிவு. டி.என். 27, டி.என். 30 போன்றவை 1989-க்குப் பிறகு வந்த முறை. பழைய வண்டியில் புது நம்பர் இருந்தால், நடுவில் மறுபதிவு நடந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள்.

மஞ்சகுட்டை: ஒரிஜினல் கலர் என்னவென்று தெரியவில்லை. ஐந்தாறு பெயிண்ட் ஏறியிருக்கிறது.

டேஷ்போர்டின் அடிப்பக்கம், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில்) தகடு மூடியிருக்கும் இடத்தின் ஓரம், ஹேண்ட்பிரேக் பெட்டிக்குப் பின்னால். இந்த மூன்று இடத்திலும் பெயிண்டர் கை எட்டியிருக்காது. அங்கே ஒரு ரூபாய் அளவு இடத்தில் 600 நம்பர் தண்ணீர் பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். அடுக்கடுக்காக வளையம் தெரியும். எல்லாவற்றுக்கும் உள்ளே, பிரைமருக்கு மேலே இருப்பதுதான் கம்பெனிக் கலர். மூன்று இடமும் ஒத்துப்போக வேண்டும். இதைச் செய்து படம் எடுப்பதற்கு முன் பழைய பெயிண்டை எடுக்க வண்டியை மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

கன்னங்குறிச்சி: சேசிஸ் நம்பர் துருவில் மறைந்துவிட்டது. கிரைண்டர் போடலாமா?

கூடாது. எண் ஆழமில்லாமல் அடித்திருக்கும், கிரைண்டர் பட்டால் போய்விடும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அழித்த நம்பர் என்று சந்தேகப்படுவார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒரு ராத்திரி சுற்றி வையுங்கள். காலையில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸ் பூசி, மேலே மட்டும் துடையுங்கள். குழியில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம். தகடு இருந்தால் அதன் ரிவெட்டைக் கழற்றாமல் படம் எடுங்கள். ரிவெட் பழசா புதுசா என்பதையும் நான் பார்க்க வேண்டும்.