15% சலுகை இருந்தும் டெண்டர் ஏன் கைநழுவியது?

கேள்வி: எங்களுடையது உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு பெற்ற சிறு தொழிற்கூடம். ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு யூனிட் தயாரிக்கிறோம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் 200 யூனிட் டெண்டரில் எல்-1 (மிகக் குறைந்த விலை கொடுத்தவர்) விலையைவிட எங்கள் விலை 12% கூடுதலாக இருந்தது. சிறு நிறுவனங்களுக்கு 15% சலுகை உண்டு என்று நம்பியிருந்தோம். எங்களை அழைக்காமலேயே ஆர்டர் முழுவதும் எல்-1க்கே போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: முதலில் அந்த 15% என்ன என்பதைத் தெளிவாக்கிவிடலாம். உங்கள் விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சலுகை அல்ல அது. எல்-1 விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் ஒரு பங்கு கேட்கும் உரிமை, அவ்வளவுதான். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012ஆம் ஆண்டு பொதுக் கொள்முதல் ஆணையின்படி, எல்-1 ஆக வந்தவர் குறு, சிறு நிறுவனம் அல்லாதவராகவும், உங்கள் விலை எல்-1ஐவிட 15%க்குள் அதிகமாகவும் இருந்தால், டெண்டரின் 25% அளவை எல்-1 விலையிலேயே தர உங்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பிரிக்க முடியாத கொள்முதல் என்றால் முழு ஆர்டரையும்கூடத் தரலாம்.

உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். எல்-1 விலை யூனிட்டுக்கு ரூ.1,00,000 என்றால் உங்களுடையது ரூ.1,12,000. வரம்பு ரூ.1,15,000, உள்ளேதான் இருக்கிறீர்கள். கிடைக்கக்கூடியது 50 யூனிட், ஒவ்வொன்றும் ரூ.1,00,000க்கு. இதே வரம்புக்குள் வேறு சிறு நிறுவனங்களும் இருந்தால் அந்த 50ஐ அவர்களோடு பகிர வேண்டும். ஆக, ரூ.1,12,000 போட்டபோதே ரூ.1,00,000க்குச் செய்தால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், எல்-1 விலைக்கு இறங்கச் சொல்லி அழைப்பு வரும் நாளில் திணறுகிறார்கள்.

உங்களுக்கு அழைப்பே வரவில்லை என்பதால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. எல்-1 நிறுவனத்துக்கும் உத்யம் பதிவு இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த விதியே எழாது. இரண்டு சிறு நிறுவனங்களுக்கு இடையே விலைதான் தீர்மானிக்கும். அடுத்து உங்கள் உத்யம் சான்று. அதில் முதன்மைத் தொழில் ‘உற்பத்தி’ என்று இருக்கிறதா, நீங்கள் டெண்டரில் காட்டிய பொருளுக்குரிய என்.ஐ.சி. குறியீடு (தொழில் வகையைக் குறிக்கும் எண்) இருக்கிறதா? வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. உற்பத்தி செய்பவரின் பதிவிலேயே வணிகம் என்று இருந்துவிட்டால் அதிகாரி நிராகரிப்பது விதிப்படி சரிதான். ஜெம் தளத்திலும் (அரசுக் கொள்முதலுக்கான இணையதளம்) நீங்கள் காட்டும் பொருளுக்கு நீங்களே உற்பத்தியாளராக இருந்தால்தான் சலுகை. சான்றை விலைப்புள்ளியோடு ஏற்றாமல், முடிவு வந்தபின் அனுப்புவதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

டெண்டர் கட்டுமானப் பணி ஒப்பந்தமாக இருந்தாலும் இந்த ஆணை பொருந்தாது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி, குழாய் பதித்து, இயந்திரமும் வைத்துக் கொடு என்று ஒரே ஒப்பந்தமாக வந்தால் இந்தச் சிக்கல் வரும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாநில அரசு டெண்டருக்கும் மத்திய ஆணை செல்லாது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்தான் அடிப்படை.

இதோடு இன்னொரு சலுகையைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் ‘மேக் இன் இந்தியா’ கொள்முதல் ஆணை நிறுவனத்தின் அளவைப் பார்ப்பதில்லை, பொருளில் உள்நாட்டு மதிப்பு எவ்வளவு என்று பார்க்கிறது. 50% அல்லது மேல் என்றால் கிளாஸ்-1, 20% முதல் 50%க்குள் என்றால் கிளாஸ்-2. முன்னுரிமை கிளாஸ்-1க்கு மட்டுமே. அதற்கான விலை வரம்பு எல்-1ஐவிட 20%. சில பொருள்களுக்குத் துறை அமைச்சகம் உள்நாட்டு மதிப்பு வரம்பை 50%க்கு மேலும் வைத்திருக்கும். போதிய உள்நாட்டுத் திறன் இருப்பதாக அறிவிக்கப்பட்ட பொருள்களில் கிளாஸ்-1 தவிர மற்றவர் விலைப்புள்ளியே தர முடியாது.

உங்களைப் போன்ற தொழிலில் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். வரி நீங்கலாக விலை ரூ.1,00,000, அதில் மெம்பிரேன், உயர் அழுத்தப் பம்பு, கன்ட்ரோலர் ஆகிய இறக்குமதிப் பாகங்கள் ரூ.47,000 என்று வையுங்கள். உள்நாட்டு மதிப்பு 53% என்று எழுதத் தோன்றும். ஆனால் பொருத்தித் தருவது, பயிற்சி, போக்குவரத்து, காப்பீடு, விற்பனைக்குப் பிந்தைய சேவை ஆகியவற்றை உள்நாட்டு மதிப்பாகக் காட்டக் கூடாது. அந்த வகையில் ரூ.8,000 சேர்ந்திருந்தால், மிஞ்சுவது ரூ.45,000 மட்டும், 50%ஐத் தொடவில்லை. மெம்பிரேனைப் பக்கத்து ஊர் டீலரிடம் வாங்கினாலும் அது இறக்குமதிதான், டீலரின் பில் அதை உள்நாட்டுப் பொருளாக்காது. ரூ.10 கோடி வரையிலான கொள்முதலுக்குச் சுய சான்று போதும். அதற்கு மேல் ஆடிட்டர் சான்று வேண்டும். பொய்யாகக் காட்டினால் இரண்டு ஆண்டு வரை தடை விதிக்கலாம். பாகவாரியான கணக்கையும் பில்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள், யார் கேட்டாலும் அன்றே காட்டும்படி.

சிறு நிறுவனம் என்பதால் இ.எம்.டி. (விலைப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகை) விலக்கு உங்களுக்கு உண்டு. டெண்டர் ஆவணமும் இலவசம். ஆனால் ஆர்டர் கிடைத்தபின் கட்டும் பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டிக்கு விலக்கில்லை. அதற்கான வங்கி உத்தரவாதத்தை முன்பே பேசி வைக்காமல் ஆர்டரை இழந்தவர்கள் உண்டு. முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்துவது வாங்குபவரின் விருப்பம். டெண்டரில் எழுதியிருந்தால் மட்டுமே நம்புங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு ரூ.25 கோடி, விற்றுமுதல் ரூ.100 கோடி வரை சிறு நிறுவனம்தான். ‘நடுத்தர’ நிறுவனமாக உயர்ந்துவிட்டோம் என்று அவசரப்பட்டு ஒதுங்காதீர்கள். ஆண்டுக் கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்கான இலக்கு 25%. அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4%, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3%. கூட்டாண்மையிலும் பிரைவேட் லிமிடெட்டிலும் குறைந்தது 51% பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? மதிப்பீட்டு அறிக்கையில் எல்-1இன் நிலையைப் பார்த்து, ஆணையின் விதியைச் சுட்டி டெண்டர் விட்ட நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லையென்றால் எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் ‘சாம்பியன்ஸ்’ தளத்தில் பதியலாம். நாள் தள்ளாதீர்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால் முறையீட்டுக்குப் பலம் குறைந்துவிடும்.