ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் அடையாளக் குறியான கால்சைனைப் படித்து நாட்டைச் சொல்லும் பார்சரை (குறியைப் பிரித்துப் படிக்கும் நிரலை) ஒரே ரெஜெக்ஸில் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதியில்) எழுதிவிட முடியுமா?

முடியாது. ரெஜெக்ஸை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹாம் கால்சைனின் வடிவம் எளிது: முன்னால் ஒன்றிரண்டு எழுத்தோ எண்ணோ, அடுத்து ஒரு எண், அதன் பின் அதிகபட்சம் நான்கு எழுத்தோ எண்ணோ, அதில் கடைசியாக வருவது கட்டாயம் எழுத்து. இதை ரெஜெக்ஸ் பார்த்துக்கொள்ளும். சிறப்பு நிகழ்ச்சிகளுக்குத் தரும் கால்சைன்கள் இதைவிட நீளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே எழுதுங்கள்.

நாட்டைக் கண்டுபிடிக்க, எந்தத் தொடக்கம் எந்த நாட்டுக்கு உரியது என்று சொல்லும் ஒரு முன்னொட்டுப் பட்டியல் வேண்டும், அதில் பொருந்துவதிலேயே நீளமானதை எடுக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து போதும் என்று தோன்றும், ஆனால் 3டிஏ முதல் 3டிஎம் வரை எஸ்வாட்டினி, 3டிஎன்னிலிருந்து பிஜி! கேஜி4 இன்னும் மோசம். பின்னால் இரண்டே எழுத்து வந்தால் கியூபாவிலுள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோ, மூன்று வந்தால் சாதாரண அமெரிக்கக் கால்சைன், அதனால் அதற்கென்று தனியாக ஒரு நிபந்தனை எழுதித்தான் ஆக வேண்டும்.

உண்மையான வேலை, கால்சைனோடு சாய்கோடு (/) போட்டுச் சேர்க்கும் துண்டுகளில் இருக்கிறது, நேரத்தை அங்கே செலவிடுங்கள். கடைசியில் /பி (கையோடு எடுத்துச் சென்ற நிலையம்), /எம் (வண்டி), /கியூஆர்பி (குறைந்த மின்திறன்) வந்தால் வெட்டிவிடலாம். /எம்எம் என்றால் கப்பல், /ஏஎம் என்றால் விமானம், இரண்டுக்கும் நாடு எதுவும் சொல்லக் கூடாது. அமெரிக்கக் கால்சைனுக்குப் பின்னால் ஒற்றை எண் வந்தால் அது உள்ளே இருக்கும் பகுதி எண்ணுக்குப் பதிலாக வருவது. எஃப் என்று எழுதி, சாய்கோடு போட்டு, பிறகு இங்கிலாந்துக் கால்சைன் வந்தால் ஆள் பிரான்சிலிருந்து பேசுகிறார். அதே எம் பின்னால் வந்தால் வண்டியில் இருக்கிறார், முன்னால் வந்தால் இங்கிலாந்தில் இருக்கிறார், ஆகவே துண்டு என்ன என்பதோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம், சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, இடைவெளிகளை நீக்கி, குறுக்குக்கோடு போட்ட பூஜ்யத்தைச் சாதாரணப் பூஜ்யமாக மாற்றுங்கள். ஆனால் ஓ எழுத்தைப் பூஜ்யமாக மாற்றிவிடாதீர்கள், பின்லாந்தும் ஆஸ்திரியாவும் ஓ-வில்தான் தொடங்குகின்றன.

பட்டியலை நீங்களே தட்டச்சு செய்யவும் வேண்டாம். ஹாம் போட்டிகளில் தொடர்புகளைப் பதிவு செய்யும் லாக் மென்பொருள்கள் பயன்படுத்தும் சிடிஒய்.டேட் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புலங்களைப் பிரிப்பது முக்காற்புள்ளி, ஒரு நாட்டின் பட்டியல் முடிவது அரைப்புள்ளியில். சமக்குறியோடு தொடங்குபவை முழுக் கால்சைன்கள், அவற்றைத் தனி அகராதியில் போட்டு முன்னொட்டுக்கு முன்பே தேடுங்கள்.