செல் காயத் தழும்பில் முடி நடலாமா?

கேள்வி: எனக்கு 30 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் வயல் செய்கிறேன். 2009 இல் செல் (எறிகணை) பட்டு, வலது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. அதில் முடி இல்லை. இப்போது முன்நெற்றியும் ஏறத் தொடங்கிவிட்டது. வாற ஆவணியில் கல்யாணம், இன்னும் நாலு மாதம்தான். அண்ணா கனடாவிலிருந்து காசு தருகிறார். கொழும்பில் ஓர் இடத்தில் “3000 வேர், ஒரே நாளில் முடியும், மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம்” என்கிறார்கள். தழும்பில் முளைக்குமா? எப்போது வயலுக்குள் இறங்கலாம்?

பதில்: தம்பி, முளைக்கும். ஆனால் நல்ல தோலில் முளைக்கிற அளவுக்கு அடர்த்தியாக வராது. ஆவணிக்குள்ளும் வராது. காசு கட்ட முன்னம் இந்த இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்தலையிலும் பக்கங்களிலும் உள்ள முடி, வழுக்கையை உண்டாக்கும் ஹோர்மோனுக்கு இலகுவில் அசையாது. அங்கிருந்து வேரோடு எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. சிகிச்சை முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது. தழும்பில் நடுவதும் புதிய விசயமில்லை. யப்பானிய வைத்தியர் ஒகுடா 1939 இலேயே தழும்பு விழுந்த தலைகளில் இப்படி முடி நட்டு எழுதிவைத்திருக்கிறார். மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுவதோடு இதை ஒப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாற்றுமேடையில் திரும்ப விதைக்கலாம். தலையில் ஒரு வேரை எடுத்தால் அந்த இடம் வெறுமைதான். உங்கள் தழும்பு காதுக்கு மேலே இருப்பதால், எடுக்கக்கூடிய இடத்திலேயே கொஞ்சம் ஏற்கனவே போய்விட்டது. ஆகவே 3000 வேரை ஒரே நாளில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. முன்நெற்றி இன்னும் எவ்வளவு ஏறும் என்று 30 வயதில் யாராலும் சொல்ல முடியாது. முதலில் தழும்பு. முன்பக்கத்தை இப்போதைக்கு மருந்தால் பிடித்து வைக்கப் பார்க்கலாம்.

கண்ணாடிக்கு முன் நின்று தழும்பைப் பெருவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளிறிய தோல் உடனே பழைய நிறத்துக்கு வருகிறதா? பிறகு இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். தோல் எலும்பின் மேல் வழுக்கி அசைந்தால் நல்லது. பளபளவென்று மெல்லியதாய், எலும்போடு ஒட்டிக் கிடந்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு. நட்ட வேர் முதல் சில நாள் சுற்றியுள்ள தோலிலிருந்துதான் பிழைக்க வேண்டும். இரத்தம் குறைந்த இடத்தில் நெருக்கி நட்டால் வேர் மட்டுமல்ல, தோலே கறுத்து அழுகலாம்.

செல் காயம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தோலுக்குக் கீழே செல்லின் உடைந்த பீஸ் ஏதும் கிடக்கிறதா, மண்டையோட்டில் துவாரம் இருக்கிறதா என்று தெரியாமல் அந்த இடத்தில் யாரும் ஊசி வைக்கக்கூடாது. அந்த நாளைய ஆசுப்பத்திரித் துண்டுகள் எங்கள் சனத்தில் பலரிடம் இல்லை. வெட்கப்படாமல் “துண்டு துலைந்துபோச்சு” என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கான் எடுத்தால் பீஸும் எலும்பும் இரண்டும் தெரியும். யாழ் போதனா வைத்தியசாலையில் அந்த வசதி உண்டு. ஸ்கான் முடியும்வரை யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், தலையில் இரும்பு இருக்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வலிப்புக்குக் குளிசை போட்டிருந்தால், அதையும் மறைக்க வேண்டாம். விறைப்பூசி மருந்து அளவு கூடினால் வலிப்பைத் தூண்டக்கூடியது.

தழும்பு ஒடுக்கமாக இருந்தால் நடாமலே, அதை வெட்டி எடுத்து இரு கரையையும் சேர்த்துத் தைக்கவும் முடியும். முடி நடும் இடத்தில் இதைச் சொல்லாமல் விடலாம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

நடுவது என்று முடிவானால், அந்த நாள் இப்படித்தான் போகும். பின்தலையை வழித்துக் குப்புறப் படுக்க விடுவார்கள். முதல் பத்து நிமிடம்தான் நோ. விறைப்பூசி தலை முழுதும் குத்தி எரியும். பிறகு ஒரு மில்லிமீற்றர் அளவு ஊசிக்குழல் ஒவ்வொரு வேராகச் சுற்றிக் கிளப்புகிற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்கும். எடுத்தவற்றைக் குளிர்ந்த சேலைன் தட்டில் ஒற்றை முடி, இரட்டை முடி, மூன்று முடி என்று பிரித்து வரிசையாக வைப்பார்கள். பிறகு நிமிர்த்தி நடுவார்கள். பெரிய நடுகை என்றால் ஆறு, ஏழு மணித்தியாலம். யார் வெட்டுவது, யார் நடுவது என்று முதலே கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர் ஒருவர் முழு நேரமும் நிற்கவேண்டும்.

அன்று இரவே பஸ் ஏறி ஏ9 வீதியால் வீட்டுக்கு வர நினைக்காதீர்கள். சீற்றில் தலை உரசினால் வேர் கழன்றுவிடும். கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் மூன்று நாள் நில்லுங்கள், தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். இரண்டாம், மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கும். பார்த்தால் பயம் வரும், ஆனால் அது தானாக வற்றும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பேணியால் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பொருக்கு 7 முதல் 10 நாளில் விழும். நகத்தால் கிளப்பக்கூடாது. சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் நோ, தழும்பு கறுத்துப்போதல், இதில் ஒன்று கண்டாலும் அன்றே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் நாள் வேலை என்பது மேசையில் இருப்பவருக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கு இல்லை. ஹெல்மெட் இரண்டு கிழமைக்குப் போட முடியாது, அதனால் மோட்டார் சைக்கிளும் இல்லை. வியர்க்க வியர்க்க வேலை, மருந்தடிப்பது எல்லாம் மூன்று கிழமை கழித்து. குளத்தில் முழுகுவதும் எண்ணெய் வைப்பதும் ஒரு மாதம் போகட்டும். வெயிலுக்கு மூன்று மாதம் தளர்வான தொப்பி வேண்டும். சிகரட்டும் சாராயமும் முன்னும் பின்னும் இரண்டு கிழமையாவது நிறுத்துங்கள். சிகரட் இரத்தக் குழாயைச் சுருக்கும், தழும்புக்கு அது இரட்டை அடி.

பிறகு வருவதுதான் ஆட்களை உடைப்பது. இரண்டாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று, நாலு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும், முழுப் பலன் ஒரு வருடத்தில். தழும்பில் அதற்கும் மேலே எடுக்கலாம்.

அதனால் நான் சொல்வது இது. ஸ்கானில் எல்லாம் சரியென்றால், இந்த மாதமே தழும்பின் ஒரு மூலையில் 50, 100 வேரை மட்டும் நட்டுப் பாருங்கள். ஆவணிக்குள் அந்த இடம் ஆறிவிடும். காலபோக வெட்டு முடிந்து மாசியில் கை ஓயும்போது அந்த வேர் பிடித்ததா என்று தெரிந்திருக்கும். பிடித்திருந்தால் மிச்சத்தை அப்போது நடலாம், கச்சான் காற்று தொடங்க முன்னம் தலையும் ஆறிவிடும்.

முன்பக்கத்துக்கு பினாஸ்டிரைட் குளிசை தருவார்கள். சிலருக்கு ஆசை குறையும், மனம் சோரும். குளிசையை நிறுத்தினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். உடைந்த குளிசையைக் கர்ப்பிணி தொடக்கூடாது. புதுக் கல்யாணம் என்பதால் தொடங்க முன்னம் இதை நீங்கள் கட்டப்போகும் பிள்ளையோடு இருந்து பேசுங்கள். தழும்பைப் பற்றியும் அவவுக்குத் தெரிந்திருக்கட்டும். தாலி கட்டுகிற நேரம் தலைப்பாகை அதை மூடித்தான் இருக்கும். ஆனால் புதிதாக நட்ட தலையில் இறுக்கிக் கட்டிய தலைப்பாகை இருந்தால், வீடியோக்காரர் போக முன்னம் பாதி வேர் துணியோடு வந்துவிடும்.